நடுக்கடலில் நடந்த கொலையும் உலகம் போட்ட சட்டமும்

1985-ம் ஆண்டு, அக்டோபர் மாதம் 7-ந் தேதி. மத்தியானச் சாப்பாட்டு வேளை.

எகிப்து நாட்டுக் கரையை ஒட்டி ஓர் உல்லாசக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதன் பெயர் "அக்கிலே லாரோ". இத்தாலி நாட்டுக் கப்பல். அன்று காலையில்தான் அலெக்சாண்டிரியா துறைமுகத்தில் 600-க்கும் மேற்பட்ட பிரயாணிகள் இறங்கிப் போயிருந்தார்கள். பிரமிடுகளைப் பார்த்துவிட்டு, போர்ட் செய்யது துறைமுகத்தில் மறுபடியும் கப்பலில் ஏறிக்கொள்வது என்று ஏற்பாடு. வெயிலில் அலைய முடியாதவர்கள், வயதானவர்கள், நோயாளிகள் என்று சுமார் 100 பேர் மட்டும் கப்பலிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களோடு 300-க்கும் அதிகமான சிப்பந்திகள் இருந்தார்கள்.

தங்கியவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று "பட படவென்று" துப்பாக்கிச் சத்தம்! நான்கு வாலிபர்கள் உள்ளே பாய்ந்தார்கள். அவர்கள் யார்? அவர்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறிய பிரயாணிகள்தான்! பாலஸ்தீன விடுதலை முன்னணி என்ற குழுவைச் சேர்ந்தவர்கள். இஸ்ரேல் நாட்டுச் சிறையில் இருக்கும் 50 பாலஸ்தீனியர்களை விடுதலை செய்யவேண்டும் என்று கேட்டார்கள். செய்யாவிட்டால் பிரயாணிகளைக் கொல்வோம் என்றார்கள்.

சக்கர நாற்காலி

கப்பல் சிரியா நாட்டின் தார்தூஸ் துறைமுகத்தை நோக்கித் திருப்பப்பட்டது. அந்த நாட்டு அரசாங்கம் கப்பலை உள்ளே விட மறுத்துவிட்டது. கடத்தல்காரர்களுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

பிரயாணிகளில் லியோன் கிளிங்ஹோபர் என்று ஒருவர். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த யூதர். வயது 69. பக்கவாதத்தால் கை கால் விழுந்து, சக்கர நாற்காலியில் இருந்தவர். மனைவியோடு கல்யாண நாளைக் கொண்டாட வந்திருந்தார்.

8-ந் தேதி அவரைத் தனியே பிரித்துக் கொண்டுபோனார்கள். சுட்டார்கள். பிணத்தையும் சக்கர நாற்காலியையும் கடலில் தள்ளும்படி கப்பல் சிப்பந்திகளுக்கு உத்தரவிட்டார்கள். துப்பாக்கி முனையில் அவர்கள் என்ன செய்ய முடியும்?

கணவர் எங்கே என்று மனைவி கேட்டபோது, வைத்திய அறையில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாளும் நம்பிக்கொண்டிருந்தார்.

கப்பல் மறுபடியும் எகிப்துக் கரைக்குத் திரும்பியது. பேச்சுவார்த்தை நடந்தது. காப்டன் டி ரோசா ரேடியோவில் பேசி, "எல்லோரும் சுகம்" என்றார். தலைக்குப் பின்னால் துப்பாக்கி இருந்தால் வேறென்ன சொல்லமுடியும்? அந்த வார்த்தையை நம்பி, கடத்தல்காரர்கள் பத்திரமாக வெளியே போகலாம் என்று எகிப்து அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. 9-ந் தேதி அவர்கள் கப்பலைவிட்டு இறங்கினார்கள். பிறகுதான் ஓர் ஆள் குறைகிறது என்ற உண்மை வெளியே வந்தது.

சில நாளைக்குப் பிறகு கிளிங்ஹோபரின் உடலை சிரியாக் கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கியது. அவருடைய மனைவி நான்கே மாதத்தில் புற்றுநோயால் இறந்துபோனார்.

ஆகாயத்தில் மடக்கினார்கள்

எகிப்து தந்த விமானத்தில் கடத்தல்காரர்கள் துனீஷியாவுக்குக் கிளம்பினார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரீகன் சும்மா இருக்கவில்லை. 10-ந் தேதி இரவு, "சரடோகா" என்ற போர்க்கப்பலிலிருந்து சண்டை விமானங்கள் கிளம்பின. நடுவானில் அந்த விமானத்தை மறித்தன. சிசிலித் தீவில் சிகோனெல்லா என்ற விமான தளத்தில் இறங்க வைத்தன.

அங்கேதான் வேடிக்கை. கீழே இறங்கிய விமானத்தை அமெரிக்கச் சிப்பாய்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களை இத்தாலியச் சிப்பாய்கள் சூழ்ந்துகொண்டார்கள்! இரண்டும் நேச நாடுகள். இருந்தும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"செத்தவன் எங்கள் ஆள். குற்றவாளிகளை எங்களிடம் கொடு" என்றது அமெரிக்கா.

"கப்பல் எங்கள் கப்பல். கொலை நடந்தது எங்கள் கப்பலில். நாங்கள்தான் விசாரிப்போம்" என்றது இத்தாலி.

கடைசியில் இத்தாலியின் பேச்சே நின்றது. கடத்தல்காரர்கள்மீது ஜெனோவா நகரில் வழக்கு நடந்தது. சுட்டவனுக்கு 30 ஆண்டு சிறை. (1996-ல் அவன் லீவில் வெளியே வந்தவன் ஓடிப்போய், ஸ்பெயின் நாட்டில் பிடிபட்டான் என்பது தனிக் கதை.) ஆனால் திட்டம் போட்ட தலைவன் அபு அப்பாஸ்? அவனும் அதே விமானத்தில்தான் இருந்தான். போதிய சாட்சியம் இல்லை என்று இத்தாலி அவனை விட்டுவிட்டது. அவன் யூகோஸ்லாவியாவுக்குப் பறந்தான். மறு வருஷம் அதே இத்தாலியின் கோர்ட்டு, ஆள் இல்லாமலே அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பறவை பறந்தபிறகு கூண்டைப் பூட்டினார்கள். 2003-ல் பாக்தாத் நகரில் அமெரிக்கப் படையிடம் அவன் சிக்கினான். அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தான்.

கடற்கொள்ளை இல்லையாம்!

ஒரு கேள்வி எழும். கப்பலைக் கைப்பற்றுவது கடற்கொள்ளைதானே? கடற்கொள்ளைக்காரனை எந்த நாடும் பிடித்துத் தண்டிக்கலாம் என்பது பழங்காலத்திலிருந்து வரும் சட்டமாயிற்றே?

உண்மை. ஆனால் அந்தச் சட்டத்தில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. ஒரு கப்பலில் வந்தவன் இன்னொரு கப்பலைத் தாக்கினால்தான் அது கடற்கொள்ளை. அதே கப்பலில் டிக்கெட் வாங்கி ஏறியவன் செய்தால் கணக்கில் வராது. அடுத்தது, சொந்த லாபத்துக்காகச் செய்திருக்கவேண்டும். அரசியல் கோரிக்கைக்காகச் செய்தால், அது வேறு என்று வாதாட இடம் இருக்கிறது. 1958-ம் ஆண்டு ஜெனிவாவில் ஏற்பட்ட ஒப்பந்தமும், 1982-ம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தமும் இப்படியேதான் சொல்கின்றன.

விமானக் கடத்தலுக்கு அப்போதே மூன்று சர்வதேச ஒப்பந்தங்கள் இருந்தன. டோக்கியோவில் ஒன்று, ஹேக் நகரில் ஒன்று, மாண்ட்ரியலில் ஒன்று. கப்பலுக்கு ஒன்றுகூட இல்லை!

இத்தாலி, ஆஸ்திரியா, எகிப்து ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து, இதற்கு ஒரு ஒப்பந்தம் வேண்டும் என்று 1986-ல் கேட்டன. 1988-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி ரோம் நகரில் அது கையெழுத்தாயிற்று. 1992-ல் அமுலுக்கு வந்தது. கப்பலைக் கைப்பற்றுவது, கப்பலில் இருப்பவரைத் தாக்கி ஆபத்து உண்டாக்குவது, வெடி வைப்பது, பொய்ச் செய்தி சொல்லிக் கப்பலைத் திசை தப்ப வைப்பது எல்லாம் குற்றம். எதற்காகச் செய்தான் என்ற கேள்வியே இல்லை.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஒன்று உண்டு. குற்றவாளி எந்த நாட்டில் அகப்பட்டாலும், அந்த நாடு ஒன்று அவனை விசாரிக்கவேண்டும், அல்லது விசாரிக்கிற நாட்டிடம் ஒப்படைக்கவேண்டும். "எங்களுக்கென்ன" என்று விமானம் ஏற்றி அனுப்பக்கூடாது.

அலுமினியக் கப்பல்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு நாடும் தன் பார்லிமெண்டில் சட்டம் போடவேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டில் நீதிபதி எந்தச் சட்டத்தைப் புரட்டுவார்?

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1999-ம் ஆண்டு அக்டோபரில், "அலாண்ட்ரா ரெயின்போ" என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல், சுமார் 7 ஆயிரம் டன் அலுமினியத்தோடு இந்தோனேஷியாவிலிருந்து கிளம்பியது. கொள்ளைக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்த 17 பேரையும் ஒரு மிதவையில் இறக்கிக் கடலில் விட்டுவிட்டார்கள். பத்து நாளுக்குமேல் மிதந்தவர்களைத் தாய்லாந்து நாட்டு மீன்பிடி படகு ஒன்று காப்பாற்றியது. கப்பலோ பெயரையும் பெயிண்டையும் மாற்றிக்கொண்டு நம் மேற்குக் கடலில் வந்துகொண்டிருந்தது. நம் கடலோரக் காவல் படையும் கடற்படையும் துரத்திப் பிடித்தன. 15 பேர் கைது!

பம்பாய் கோர்ட்டில் வழக்கு. கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் அப்போது கிடையாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் உள்ள பிரிவுகளைக் கொண்டு வழக்கை நடத்தவேண்டியதாயிற்று. 2003-ல் 7 ஆண்டு சிறை கிடைத்தது. 2005-ல் ஐகோர்ட்டு அவர்களை விடுதலை செய்துவிட்டது. உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த மாலுமிகளுக்கு எப்படி இருந்திருக்கும்!

இதற்கிடையில் 2002-ல் நம் பார்லிமெண்டு ரோம் ஒப்பந்தத்தை ஒட்டி ஒரு சட்டம் இயற்றியது. கப்பல்களோடு, மும்பைக்கு மேற்கே கடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கும் அந்தச் சட்டம் காவல். கப்பலைக் கைப்பற்றினால் ஆயுள் தண்டனை. அதில் யாரையாவது கொன்றால் மரண தண்டனை. கடற்கொள்ளைக்கான தனிச் சட்டம் 2022-ல்தான் வந்தது.

நீலமாக ஒளிர்ந்த பொடி

2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க் கட்டடங்கள் விழுந்த பிறகு, உலகத்துக்கு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. விமானத்தை ஆயுதமாக்கியவர்கள் கப்பலையும் ஆயுதமாக்கினால்? கப்பலில் அணுச் சாமான் ஏற்றி வந்தால்?

அணுச் சாமான் என்றவுடன் அணுகுண்டு என்று நினைக்கவேண்டாம். அணுகுண்டு செய்வது லேசான காரியம் இல்லை. ஆனால் கதிர்வீச்சுப் பொருள் பல இடங்களில் இருக்கிறது. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இரும்புக் குழாயில் விரிசல் பார்க்கும் கருவியில் இருக்கிறது. அதைச் சாதாரண வெடிமருந்தோடு சேர்த்து வெடித்துத் தூவினால், ஊரே தீட்டுப்பட்டதுபோல் ஆகிவிடும். இதற்கு "அழுக்குக் குண்டு" என்று பெயர்.

எவ்வளவு பொருள் போதும்? பிரேசில் நாட்டில் கோயானியா நகரில் 1987-ல் நடந்ததைக் கேட்டால் புரியும். அது பயங்கரவாதம் அல்ல. வெறும் கவனக்குறைவு. கைவிடப்பட்ட ஒரு வைத்தியசாலையிலிருந்து இரண்டு பேர் பழைய இயந்திரத்தைக் கழற்றி, பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே 100 கிராம்கூட இல்லாத சீசியம் என்ற பொடி. இருட்டில் நீல நிறமாக ஒளிர்ந்தது. கடைக்காரருக்கு ஒரே ஆச்சரியம். சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பங்கு கொடுத்தார். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அதைத் தொட்டு விளையாடி, அந்தக் கையோடு சாப்பிட்டாள்.

அந்தச் சிறுமியும் இன்னும் மூன்று பேரும் இறந்தார்கள். ஒரு லட்சத்து 12 ஆயிரம் பேரை விளையாட்டு மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். 249 பேர்மீது கதிர்வீச்சுப் பொருள் ஒட்டியிருந்தது. வீடுகளை இடித்தார்கள். சிறுமியின் உடலை ஈயப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது, எங்கள் மயானத்தில் வேண்டாம் என்று ஜனங்கள் கல்லெறிந்தார்கள்!

2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையிலும் இப்படி ஒரு கோபால்ட் கருவி வந்து சேர்ந்து, ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

தவறுதலாக நடந்தாலே இப்படி. வேண்டுமென்று செய்தால்? 1995-ல் மாஸ்கோ பூங்கா ஒன்றில் சீசியம் பொட்டலத்தைப் புதைத்துவிட்டு, செச்சினியாப் போராளிகள் டெலிவிஷன்காரர்களுக்குத் தகவல் கொடுத்தார்கள். அது வெடிக்கவில்லை, யாருக்கும் காயம் இல்லை. மிரட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

"பழைய இயந்திரச் சாமான்"

2003-ம் ஆண்டு அக்டோபர் மாதம், "பி.பி.சி. சைனா" என்ற சரக்குக் கப்பல் லிபியா நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மானியருக்குச் சொந்தமான கப்பல். உளவுத் துறையினர் துப்புக் கொடுக்க, கப்பல் முதலாளியின் சம்மதத்தோடு அது இத்தாலியில் உள்ள தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டது. கண்டெய்னர்களைத் திறந்தார்கள். "பழைய இயந்திரச் சாமான்" என்று காகிதத்தில் எழுதியிருந்தது. உள்ளே இருந்ததோ, யுரேனியத்தைச் செறிவாக்கும் சுழல் இயந்திரங்களின் பாகங்கள்! மலேஷியாவில் செய்து, துபாய் வழியாக வந்தவை. பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துல் காதிர்கானின் கள்ள வியாபாரம் அம்பலமாயிற்று. 2004 பிப்ரவரியில் அவர் டெலிவிஷனில் தோன்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இங்கே கப்பல் முதலாளி நல்லவர், சம்மதித்தார். சம்மதிக்காவிட்டால்? நடுக்கடலில் போகும் கப்பல், அது பறக்கவிடும் கொடிக்கு உரிய நாட்டின் மண் மாதிரி. முதலாளி ஒரு நாட்டுக்காரர், மாலுமிகள் வேறு நாட்டுக்காரர்கள், கொடியோ பனாமா அல்லது லைபீரியா என்பதுதான் இன்றைய கப்பல் உலகம். கொடி நாட்டின் அனுமதி இல்லாமல் அன்னியர் கால்வைக்க முடியாது.

அதனால் 2005-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, லண்டனில் பழைய ரோம் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். கப்பலையே ஆயுதமாக்குவதும், அணு, ரசாயன, கிருமி ஆயுதங்களைக் கப்பலில் கொண்டுபோவதும் குற்றமாயின. சோதனை போடுவதற்கும் வழி வகுத்தார்கள். கொடி நாட்டிடம் அனுமதி கேட்கவேண்டும். "4 மணி நேரத்துக்குள் நாங்கள் பதில் சொல்லாவிட்டால், அனுமதித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு நாடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். கட்டாயம் இல்லை, விரும்பினால் கொடுக்கலாம். இந்தத் திருத்தம் 2010-ல் அமுலுக்கு வந்தது.

அதே 2005-ல், ஏப்ரல் 13-ந் தேதி, ஐ.நா. சபை அணுப் பயங்கரவாதத்துக்கு எதிரான ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. ரஷ்யா கொண்டுவந்த யோசனை. எட்டு ஆண்டு இழுபறி! கொல்லவோ நாசம் செய்யவோ நினைத்துக் கதிர்வீச்சுப் பொருளை வைத்திருந்தாலே குற்றம். அணு உலையைத் தாக்குவதும், தாக்குவேன் என்று மிரட்டுவதும் குற்றம். 2007-ல் அமுலாயிற்று. இந்தியா 2006-லேயே சேர்ந்துவிட்டது. அரசாங்கங்கள் அடுக்கி வைத்திருக்கும் அணுகுண்டுகள் சரியா தப்பா என்பதைப் பற்றி மட்டும் இந்த ஒப்பந்தம் மூச்சுவிடவில்லை. அதைப் பேசத் தொடங்கியிருந்தால் ஒப்பந்தமே வந்திருக்காது.

தூக்கா, ஆயுளா?

இந்த ஒப்பந்தங்களுக்காக அதிகம் குரல் கொடுத்த நாடு அமெரிக்கா. அதன் செனட் சபை 2008-லேயே தலையசைத்துவிட்டது. ஆனால் உள்நாட்டுச் சட்டம் வந்தது எப்போது? 2015-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி! ஏழு வருஷம் ஏன் பிடித்தது? மரண தண்டனையையும் சேர்க்கவேண்டும் என்றார்கள் சில செனட்டர்கள். கூடாது என்றார்கள் மற்றவர்கள். கடைசியில், டெலிபோன் பேச்சு விவரங்களை அரசாங்கம் திரட்டுவதைக் கட்டுப்படுத்த வந்த வேறொரு சட்டத்தின் வால் பகுதியில் இதை ஒட்டவைத்து நிறைவேற்றினார்கள். அணுப் பயங்கரவாதத்துக்கு 20 லட்சம் டாலர் வரை அபராதம். ஆயுள் வரை சிறை. தூக்கு இல்லை.

தூக்கு இருந்த நம் சட்டத்துக்கு என்ன ஆயிற்று என்பதும் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம்.

2012-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி கேரளக் கரைக்கு அப்பால், "செயின்ட் ஆண்டனி" என்ற படகில் மீனவர்கள் மீன் பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியே வந்தது "என்ரிகா லெக்சி" என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல். அதற்குக் காவலாக வந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டார்கள். கடற்கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட்டோம் என்றார்கள். இரண்டு மீனவர்கள் பிணமானார்கள். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்தவர்; மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

இரண்டு வீரர்கள் கைதானார்கள். தேசியப் புலனாய்வு நிறுவனம் 2002-ம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுத்தது. கொலைக்கு மரண தண்டனை என்று சொல்கிற அதே சட்டம். இத்தாலி கொதித்து எழுந்தது. "இது பயங்கரவாதிகளுக்கு உண்டான சட்டம். எங்கள் வீரர்கள் பயங்கரவாதிகளா?" என்று கேட்டது. அந்தச் சட்டத்துக்கு மூலமான ஒப்பந்தத்தை உலகத்திடம் கேட்டு வாங்கிய மூன்று நாடுகளில் இத்தாலியும் ஒன்று! 2014-ல் மத்திய அரசாங்கம் அந்தச் சட்டத்தைக் கைவிடுவதாகச் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது.

வழக்கு வெளிநாட்டு நடுவர் மன்றத்துக்குப் போயிற்று. அரசாங்க வேலையாக வந்த வீரர்கள் என்பதால் அவர்களை இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி நஷ்ட ஈடு தரவேண்டும் என்று 2020-ல் தீர்ப்பாயிற்று. 10 கோடி ரூபாய் வந்தது. 2021-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வழக்கை முடித்துவைத்தது. இறந்த இருவரின் குடும்பத்துக்கும் தலா 4 கோடி, படகுச் சொந்தக்காரருக்கு 2 கோடி. குடும்பத்தாருக்கு அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு கேரள ஐகோர்ட்டிடம் விடப்பட்டது.